பசியின் கணக்கை எழுதிய அல்பிரட் மேயர்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, உயர்தர உயிரியல் மாணவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிச் சென்றிருந்தேன். நாங்கள் போகும்போது கரைவலை இழுத்து முடிந்திருந்தது. மீன்களைப் பிரித்துக் கூடைகளில் போட்ட பிறகு, வலையின் மடியில் மிஞ்சிக் கிடந்தவை சொறிமுட்டைகள். பாடப்புத்தகத்தில் ஜெலிமீன் என்று படிப்பதைத்தான் எங்கள் கரையில் இப்படிச் சொல்வோம். பெரியவை சாப்பாட்டுக் கோப்பை அளவு இருந்தன. சிறியவை ஒரு ரூபாய்க் குற்றியை விடச் சிறியவை.

மாணவி ஒருத்தி சிறியதொன்றைச் சிரட்டையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கடலில் கன நாளைக்குச் சாப்பாடு கிடைக்காமல் போனால் இந்தக் குஞ்சுகள் என்ன செய்யும் சேர் என்றாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பசியோடு இருக்கும் குஞ்சுகள் என்றதும் எனக்கு 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்கள்தான் நினைவுக்கு வந்தன. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் கேட்டதற்கு விடை தேடினேன். தேடிப் போன இடத்தில் எதிர்ப்பட்டவர் அல்பிரட் கோல்ட்ஸ்பரோ மேயர் என்ற அமெரிக்கர். ஜெலிமீன்களைப் பற்றி ஆராய்பவர்கள் யாரும் இவருடைய நூலைத் தொடாமல் போக முடியாது. இறந்து நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவருடைய கதையை எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மேயர் 1868 ஏப்ரல் 16 ஆம் திகதி மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். தந்தை அல்பிரட் மார்ஷல் மேயர் பெயர் பெற்ற பௌதிகவியலாளர். தண்ணீரில் மிதக்கும் சிறு காந்தங்கள் தாமாகவே ஒழுங்கான வடிவங்களில் அடுக்கப்படுவதைக் காட்டியவர். அணுவின் அமைப்பைப் பற்றிச் சிந்தித்தவர்கள் பிற்காலத்தில் அந்தப் பரிசோதனையை எடுத்துக்காட்டினார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மகனும் பௌதிகத்துக்கோ பொறியியலுக்கோ போவான் என்பதுதான் எதிர்பார்ப்பு. மகனுக்கு வண்ணத்துப்பூச்சிகளில் விருப்பம். ஆனாலும் தந்தை கற்பித்த ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்து 1889 இல் பட்டம் பெற்றார். சில வருடங்கள் பௌதிகத் துறையில் உதவியாளராக வேலையும் செய்தார். எங்கள் வீடுகளில் டொக்டர், இஞ்சினியர் என்று பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போவதை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டம் புதிதாக இராது.

1892 இல் மேயர் துணிந்து வழியை மாற்றினார். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய் விலங்கியல் படிக்கத் தொடங்கினார். அங்கே அலெக்சாண்டர் அகசி என்ற பெரிய கடலியல் அறிஞர் இவருடைய ஓவியக் கையைக் கண்டார். ஜெலிமீனைப் பிடித்து வைத்துப் பாதுகாப்பது கடினம். கரைக்கு எடுத்தால் சளியாகிவிடும், போத்தலில் போட்டால் நிறம் போய்விடும். உயிரோடு இருக்கும்போதே பார்த்து வரையக்கூடியவர் தேவைப்பட்டார். மேயர் வரைந்தார். அகசியோடு கப்பலில் அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டுக்கும், பீஜித் தீவுகளுக்கும், பசுபிக்கின் பல தீவுகளுக்கும் போனார். 1897 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1900 இல் சிற்பக் கலைஞரான ஹரியட் ஹயட்டை மணம் முடித்தார்.

இந்த அலைச்சலின் பலனாக 1910 இல் உலகின் ஜெலிமீன்கள் பற்றிய அவருடைய நூல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதுவரை பெயரிடப்பட்டிருந்த வகைகளை ஒன்றுவிடாமல் சேர்த்து, படங்களோடு ஒழுங்குபடுத்த முயன்ற நூல் அது. இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் அந்த நூலின் பெயரைக் காணலாம்.

அதற்கு முன்பே அவர் தனக்கென்று ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். புளோரிடாவின் தென்முனைக்கு மேற்கே, கீ வெஸ்ட் நகரத்திலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீற்றர் தூரத்தில், மெக்சிக்கோ வளைகுடாவில் சில சின்னஞ்சிறிய மணல் தீவுகள் இருக்கின்றன. டிரை டோர்ட்டுகாஸ் என்பது அவற்றின் பெயர். டோர்ட்டுகாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் ஆமைகள். டிரை என்ற ஆங்கிலச் சொல் அங்கே குடிதண்ணீர் இல்லை என்பதைக் கடலோடிகளுக்கு அறிவிக்கச் சேர்க்கப்பட்டது. வொஷிங்டனிலுள்ள கார்னகி நிறுவனத்தின் உதவியோடு, அந்தத் தீவுகளில் ஒன்றான லொகர்ஹெட் தீவில் 1904 இல் ஒரு கடல் உயிரியல் ஆய்வுகூடம் அமைந்தது. மேயர் அதன் பணிப்பாளரானார். மரக் கட்டடங்கள், வெக்கை, நுளம்பு, அடிக்கடி புயல். கோடை மாதங்களில் மட்டும் ஆட்கள் வந்து தங்கி ஆராய்ந்துவிட்டுப் போவார்கள். சாகும் வரைக்கும் அந்தத் தீவைத்தான் அவர் தன் இடமாகக் கருதினார்.

சில கிலோமீற்றர் தள்டி இன்னொரு தீவில் ஜெபர்சன் கோட்டை நிற்கிறது. கோடிக்கு மேற்பட்ட செங்கற்களால் கட்டி, கடைசிவரை கட்டி முடிக்கப்படாத கோட்டை அது. அமெரிக்க உள்நாட்டு யுத்தக் காலத்தில் சிறைச்சாலையாக இருந்தது. அந்தக் கோட்டையைச் சுற்றியுள்ள அகழிக்குள் கடல்நீர் வந்து அசையாமல் நிற்கும். அந்த நீரின் அடியில் கசியோப்பியா என்ற ஜெலிமீன் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தது. மற்ற ஜெலிமீன்கள் போல இது நீந்தித் திரிவதில்லை. குடையைக் கீழே வைத்து, கைகளை மேலே விரித்து, தலைகீழாக மண்ணில் படுத்திருக்கும். படுத்தபடியே குடையைச் சுருக்கி விரித்துக்கொண்டிருக்கும்.

மேயர் முதலில் ஆராய்ந்தது இந்தத் துடிப்பைத்தான். ஜெலிமீனுக்கு இதயம் இல்லை. ஆனால் குடை முழுவதும் இதயம் போலத் துடிக்கிறது. குடையின் விளிம்பிலுள்ள சிறு புலனங்கங்களை வெட்டி அகற்றினால் துடிப்பு நின்றுவிடும் என்பதை அவர் காட்டினார். பிறகு குடையின் தசையை வளையமாக வெட்டி, ஓரிடத்தில் தூண்டிவிட்டார். ஓர் அலை புறப்பட்டு வளையத்தைச் சுற்றி வந்தது. நாட்கணக்கில் நிற்காமல் சுற்றியது. 1906 இல் அவர் வெளியிட்ட அந்த முடிவை இதயத்தை ஆராய்ந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிலருடைய இதயம் தாளம் தப்பித் துடிப்பதற்கு, இப்படி ஓர் அலை சுற்றுப்பாதையில் அகப்பட்டுக் கொள்வதும் ஒரு காரணம் என்று பின்னர் விளங்கியது. இன்று இதய நோயாளர்களுக்குச் செய்யப்படும் சில சிகிச்சைகளுக்குப் பின்னால் அந்த அகழியின் சொறிமுட்டையும் இருக்கிறது.

இனி மாணவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1914 இல் மேயர் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். கசியோப்பியாக்களை உணவு எதுவும் இல்லாத, வடிகட்டிய கடல்நீரில் விட்டு, திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்திருந்தார். அவை சாகவில்லை. சுருங்கின. உருவம் கெடவில்லை, குடை குடையாகவே இருந்தது, துடிப்பும் இருந்தது. அளவு மட்டும் நாளுக்கு நாள் குறைந்தது.

குறைந்த விதத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரே நிறை குறையவில்லை. முதல் நாள் எவ்வளவு மிச்சம் இருந்ததோ, அதில் ஒரே விகிதம் குறைந்தது. உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பாருங்கள். 100 கிராம் இருந்த உயிர் ஒரு நாளைக்கு இருபதில் ஒரு பங்கை இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், மறுநாள் 95 கிராம். அதற்கடுத்த நாள் இழப்பது 5 கிராம் அல்ல, 4.75 கிராம். இப்படியே போனால் பதினான்காம் நாளளவில் பாதியாகிவிடும். ஆனால் அந்த நேரத்தில் ஒரு நாளின் இழப்பும் பாதியாகியிருக்கும். கையில் உள்ளது குறையக் குறையச் செலவையும் குறைக்கிற குடும்பம் போல அந்த உடம்பு நடந்துகொள்கிறது.

ஜெலிமீனுக்கு இது முடிவதற்குக் காரணம் அதன் உடம்பு. பெரும்பகுதி தண்ணீர். எலும்பு இல்லை, ஓயாமல் சக்தி கேட்கும் பெரிய மூளை இல்லை. தன்னுடைய இழையங்களையே கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, சிறிய உடம்பாகி, சிறிய உடம்புக்குத் தேவையான சிறிய சக்தியோடு காத்திருக்கும். உணவு வந்தால் திரும்ப வளரும்.

குஞ்சுகளின் நிலை இன்னும் வியப்பானது. பெரும்பாலான ஜெலிமீன்களின் முட்டையிலிருந்து வரும் சிறு உயிர் முதலில் கல்லிலோ சிப்பியிலோ ஒட்டி, பூப்போன்ற சிறு பொலிப்பாக வளரும். உணவு குறைந்தால் அது சும்மா ஒட்டியபடி மாதக்கணக்கில் பொறுத்திருக்கும். சில வகைகள் தம் அடியில் உறையிட்ட சிறு கட்டிகளை வைத்துவிடும். நிலைமை சரியானதும் அந்தக் கட்டியிலிருந்து புதிய பொலிப்பு வரும். பொலிப்பிலிருந்து தட்டுத் தட்டாகப் பிரிந்து, நட்சத்திர வடிவத்தில் சில மில்லிமீற்றர் அளவில் நீந்திப் போவதுதான் எபிரா எனப்படும் குஞ்சு. குளிர் நாடுகளின் கடலில் அது பல தடவை உணவு குறைந்த பருவத்தில்தான் பிறக்கிறது.

மேயரின் காலத்துக்கு வெகு பின்னர், ஜப்பானிய ஆய்வாளர்கள் உலகெங்கும் காணப்படும் ஒரேலியா என்ற ஜெலிமீனின் எபிராக்களைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் தேடியது திரும்ப முடியாத எல்லையை. அந்த எல்லைக்கு முன்னர் உணவு கொடுத்தால் குஞ்சு மீளும். அதற்குப் பின்னர், குஞ்சு இன்னும் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தாலும், வாய்க்கருகே உணவைக் கொண்டு போனாலும், மீளாது. அவர்கள் 2014 இல் வெளியிட்ட முடிவின்படி, 15 பாகை செல்சியஸ் நீரில் பாதிக் குஞ்சுகள் அந்த எல்லையைத் தாண்ட ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. 9 பாகை நீரில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் எடுத்தது. நீரில் மிதந்து வாழும் மற்றச் சிற்றுயிர்களோடு ஒப்பிட்டால் இது மிக நீண்ட காலம். குளிர் கூடக்கூட உடம்பு மெதுவாக எரியும், தவணை நீளும். சூடு கூடினால் தவணை குறையும்.

அந்த எல்லையைப் பற்றி வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் அதை நான் கண்டிருக்கிறேன். 2009 இல் எங்கள் பங்கருக்குப் பக்கத்துப் பங்கரில் ஒரு குழந்தை இருந்தது. தாய்க்குப் பால் வற்றிவிட்டது. அரிசியைக் காய்ச்சிய தண்ணீர்தான் அந்தப் பிள்ளைக்கும் எங்களுக்கும். பால்மா எங்கிருந்தோ வந்து சேர்ந்த நாளில் எல்லோரும் சந்தோசப்பட்டோம். பிள்ளை கண்ணைத் திறந்துதான் இருந்தது. ஆனால் குடிக்கவில்லை. இரண்டு நாளில் போய்விட்டது. உணவு வந்த பிறகும் ஏன் அந்தப் பிள்ளை போனது என்று அந்தத் தாய் எங்களைக் கேட்டார். அப்போது ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை.

மேயருக்கும் யுத்தம் தெரியும். முதலாம் உலக யுத்தத்தில் அமெரிக்கா ஜேர்மனிக்கு எதிராக இறங்கியபோது, ஜேர்மன் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். பல பாடசாலைகளில் ஜேர்மன் மொழி கற்பிப்பது நிறுத்தப்பட்டது. தெருக்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. மேயரின் தந்தை வழி முன்னோர் ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள். அவரும் அவருடைய தந்தையும் பிறந்தது அமெரிக்காவில்தான். கடற்படைக்குப் போகும் இளைஞர்களுக்காக 1918 இல் கப்பலோட்டும் கலை பற்றி ஒரு பாடநூலும் எழுதினார். அதே 1918 இல், ஐம்பதாவது வயதில், தன் குடும்பப் பெயரில் ஓர் ஆங்கில எழுத்தை மாற்றினார். இ இருந்த இடத்தில் ஓ வந்தது. உச்சரிப்பு ஏறத்தாழ அதேதான், எழுத்தில் மட்டும் ஜேர்மன் சாடை போய்விட்டது. அதனால் அவருடைய பெரிய நூல் ஒரு பெயரிலும், கடைசிக் காலக் கட்டுரைகள் இன்னொரு பெயரிலும் இருக்கின்றன. அடையாள அட்டையில் பெயரை வாசித்தவுடன் எதிரே நிற்பவரின் குரல் மாறுவதைக் கேட்ட எங்களுக்கு, அந்த ஓர் எழுத்தின் பாரம் விளங்கும்.

அந்த வருடங்களிலும் அவர் வேலையை நிறுத்தவில்லை. 1913 இல் டொரஸ் நீரிணையிலுள்ள முரே தீவுக்குப் போய்ப் பவளங்களை எண்ணினார். வெப்பக் கடலின் உயிர்கள் தாங்கக்கூடிய உச்ச வெப்பத்துக்குச் சில பாகைகள் கீழேதான் எப்போதும் வாழ்கின்றன என்று பரிசோதித்துக் காட்டினார். கடல் சூடாகிப் பவளங்கள் வெளிறுவதைப் பற்றி இன்று பேசுபவர்கள் அந்த முடிவுக்குத் திரும்பி வருகிறார்கள். 1917 இல் அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோ துறைமுகத்தில் ஒரு பவளத் திட்டின் குறுக்கே கோடு போட்டு, அதிலிருந்த பவளங்களைப் பதிந்து வைத்தார். நூறு வருடங்களுக்குப் பிறகும் ஆய்வாளர்கள் அதே கோட்டில் போய் எண்ணுகிறார்கள்.

கடைசியில் காசநோய் அவரைப் பிடித்தது. அக்காலத்தில் அதற்கு மருந்து இல்லை. எலும்புருக்கி என்று எங்கள் பழைய ஆட்கள் சொல்லும் நோய் அது. ஆளை நாளாந்தம் கரைக்கும். உயிர்கள் கரைவதை நிறுத்து நிறுத்து எழுதிய மனிதர் தானே கரைந்துகொண்டிருந்தார். அந்த உடம்போடு 1922 கோடையிலும் டோர்ட்டுகாஸ் தீவுக்குப் போனார். ஜூன் 24 ஆம் திகதி அங்கேயே இறந்தார். வயது 54. அவருடைய மனைவி ஹரியட் தன் கையாலேயே ஒரு நினைவுச் சின்னம் செய்தார். அது லொகர்ஹெட் தீவில் வைக்கப்பட்டது. ஆய்வுகூடம் 1939 இல் மூடப்பட்டுவிட்டது.

திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் மேயரின் கோட்டைக் கீறினேன். முதலில் சரிந்து, போகப்போகத் தட்டையாகும் கோடு. குஞ்சுகள் சுருங்கி உயிர் பிழைக்கும் என்று விளக்கினேன். மாணவர்களுக்கு அது பிடித்திருந்தது. எங்களைப் போலத்தான் சேர், நாங்களும் எல்லாத்தையும் தாங்கினோம் என்றான் ஒருவன். அவன் யுத்தம் முடியும்போது பிறந்தும் இருக்கவில்லை. வீட்டில் கேட்டதைச் சொன்னான்.

அந்த இடத்தில் அவனைத் திருத்த வேண்டியிருந்தது. மனிதப் பிள்ளை ஜெலிமீன் இல்லை. பட்டினி கிடக்கும் பிள்ளை எல்லா உறுப்பையும் சமமாகச் சுருக்கிக் காத்திருப்பதில்லை. கொழுப்புப் போகும், தசை போகும், நோயை எதிர்க்கும் சக்தி போகும். முதல் இரண்டு வயதுக்குள் நின்றுபோன உயரத்தைப் பிறகு முழுதாக மீட்பது கடினம். ஜெலிமீனுக்கே ஓர் எல்லை இருக்கும்போது, எங்கள் சனத்தின் தாங்கும் சக்தியை மேடைகளில் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. தாங்கியவர்களைத்தான் இன்று காண்கிறோம். எல்லைக்குப் பிறகு பால்மா கிடைத்த பிள்ளையை யாரும் காண்பதில்லை. ஒருவர் எவ்வளவு நாள் தாங்குவார் என்பதை விட, உணவு எந்த நாளில் வந்து சேர்ந்தது என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

வீட்டுக்கு வந்து என் மகனின் கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்தேன். முகாமிலும் தொலைக்காமல் மனைவி காப்பாற்றிய கொப்பி. அவன் 2008 இன் தொடக்கத்தில் பிறந்தவன். முதல் மாதங்களில் மருத்துவமாது நிறுத்து இட்ட புள்ளிகள் ஒழுங்காக மேலே போகின்றன. இடம்பெயரத் தொடங்கியதும் புள்ளிகள் ஐதாகின்றன. 2009 இன் முதல் மாதங்களில் ஒரு புள்ளியும் இல்லை. பிறகு முகாமில் வைத்த புள்ளி ஒன்று, முந்திய புள்ளியை விடக் கீழே இருக்கிறது. அவன் இப்போது என் தோளளவு நிற்கிறான். நல்லாகப் படிக்கிறான், சாப்பாட்டில் ஒன்றையும் மிச்சம் வைக்க மாட்டான்.

ஆளில்லாத தீவொன்றில், ஓர் அகழிச் சொறிமுட்டை இன்று எவ்வளவு குறைந்தது என்று நிறுத்து எழுத ஒரு மனிதர் இருந்தார். அதனால்தான் நூறு வருடங்கள் கழித்து ஒரு மாணவியின் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடிந்தது. என் மகனின் கொப்பியில் வெறுமையாக இருக்கும் அந்த மாதங்களில் எங்கள் பிள்ளைகளை யாரும் நிறுக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கொப்பி இருந்தால் எறிந்துவிடாதீர்கள். புள்ளி இல்லாத பக்கத்தில், அந்த மாதங்களில் பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள், எத்தனை நேரம் கொடுத்தீர்கள் என்று நினைவிருப்பதை எழுதி வையுங்கள். நானும் மனைவியும் அன்றிரவு எழுதத் தொடங்கினோம்.